இங்க்ரா பாட்டிக்கு முகமும் குரலும்: ஒரு ஸ்கைரிம் மாடின் துணைக் கோப்புகளை உருவாக்கிய பதிவு

ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டின் ஸ்பெஷல் எடிஷனுக்கு ஒரு சின்ன மாட், அதாவது விளையாடுபவர்களே செய்து சேர்க்கும் கூடுதல் இணைப்பு, செய்திருக்கிறேன். ரிவர்வுட்டில் இருக்கும் ஸ்லீப்பிங் ஜயன்ட் விடுதியில், கணப்பு ஓரமாக உட்கார்ந்து பழங்கதை சொல்லும் ஒரு பாட்டி. பெயர் இங்க்ரா. பேச்சுக் கொடுத்தால் ஒரு கதை சொல்வார், அந்தக் கதையின் மிச்சத்தைத் தேடிப் போகச் சொல்லி ஒரு குவெஸ்ட், அதாவது தேடல் பணி, தருவார். மாட் செய்வதற்கான கருவியான கிரியேஷன் கிட்டில் பாட்டியை உருவாக்கி, வசனங்களை எழுதி, குவெஸ்ட்டின் கட்டங்களை அமைத்து, இஎஸ்பி கோப்பாகச் (பிளக்இன் என்று சொல்வதும் இதைத்தான்) சேமித்தாயிற்று. கதை எழுதும் வேலை அங்கே முடிகிறது. இந்தப் பதிவு அதற்கு அப்புறம் வருகிற வேலையைப் பற்றியது.

இஎஸ்பியை மட்டும் எடுத்து விளையாட்டில் போட்டுப் பாருங்கள். பாட்டி இருப்பார், ஆனால் கழுத்துக்குக் கீழே ஒரு நிறம், மேலே சாம்பல் பூத்த முகம். கிட்டப் போய்ப் பேசினால் குவெஸ்ட் பற்றிய வரியே திரையில் வராது. எப்படியோ வரவழைத்தாலும் வசனம் படிக்கும் முன் மறைந்துவிடும், உதடு அசையாது. இஎஸ்பியில் எந்தப் பிழையும் இல்லை. பாட்டியின் இனம், மூக்கின் நீளம், எந்த நிபந்தனையில் எந்த வசனம் என்ற விவரங்கள் எல்லாம் அதில் பதிவாக இருக்கின்றன. அந்த மூக்கோடு வடித்தெடுத்த முகம், நிறப் பூச்சு, குரல், உதட்டசைவு, குவெஸ்ட்டின் தொடக்கப் பட்டியல் ஆகியவை தனித்தனிக் கோப்புகள். அவற்றை நாம்தான் கருவிகளை வைத்து உருவாக்கி, சரியான ஃபோல்டரில் சரியான பெயரில் வைக்க வேண்டும்.

இந்தக் கோப்புகளில் பெரும்பாலானவை பிளக்இன்னின் பெயரையும் பதிவுகளின் எண்ணையும் தங்கள் பெயரிலோ வயிற்றிலோ சுமந்துகொண்டிருக்கின்றன. அதனால் எந்தக் கருவியை எப்படி அழுத்துவது என்பதைவிட எந்த வரிசையில் அழுத்துவது என்பதுதான் பெரிய விஷயம். பயிற்சிக் குறிப்புகள் பல, கருவிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு வரிசையைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. நான் வரிசையிலிருந்தே தொடங்குகிறேன்.

எண் முதலில்

ஸ்கைரிமில் ஒவ்வொரு பதிவுக்கும், அதாவது பாட்டி, குவெஸ்ட், வசனம் என்று பிளக்இன்னில் உள்ள ஒவ்வொன்றுக்கும், ஒரு ஃபார்ம் ஐடி உண்டு. எட்டு இலக்க ஹெக்ஸ் எண். முதல் இரண்டு இலக்கம் அந்தப் பதிவு எந்தக் கோப்பைச் சேர்ந்தது என்று சொல்லும். மிச்ச ஆறும் அந்தப் பதிவின் சொந்த எண். என் பிளக்இன்னுக்கு ஸ்கைரிம், அப்டேட் என்று இரண்டு மாஸ்டர் கோப்புகள், அதாவது அது சார்ந்திருப்பதாகப் பட்டியலிடும் கோப்புகள். ஸ்கைரிம் 00, அப்டேட் 01, அவற்றுக்கு அடுத்து என்னுடைய பதிவுகள் 02 என்று தொடங்கும். பாட்டியின் எண் 02005901 என்று இருந்தது. குவெஸ்ட்டின் எண் 02005912.

இந்த எண்களை அப்படியே விட்டுவிடலாம். ஆனால் முழு பிளக்இன்கள் லோட் ஆர்டரில், அதாவது விளையாட்டு அவற்றை ஏற்றும் வரிசையில், ஆளுக்கொரு இடம் பிடிக்கும், அந்த இடங்கள் 254தான். ஒரு பாட்டியும் சில வசனங்களும் உள்ள மாட் அதில் ஒன்றைத் தின்பது நியாயமில்லை. லைட் பிளக்இன் என்று கொடி (ஓர் அடையாளக் குறி) போட்டுவிட்டால் அது எஃப்இ என்ற பொது இடத்துக்குள் போய்விடும். அங்கே 4096 லைட் பிளக்இன்கள் வரை ஒன்றாக இருக்கலாம். அதற்குப் பதிவுகளின் எண்கள் 800 முதல் எஃப்எஃப்எஃப் வரையிலான எல்லைக்குள், அதாவது 2048 பதிவுகளுக்குள், இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் வந்த 1.6.1130 பதிப்பு இந்த எல்லையை 4096 ஆக விரித்திருக்கிறது. ஆனால் பழைய பதிப்பிலேயே தங்கிவிட்டவர்கள் ஏராளம் பேர். அவர்களுக்கும் ஓட வேண்டும் என்பதால் பழைய எல்லைக்குள்ளேயே இருந்துகொள்கிறேன்.

கிரியேஷன் கிட்டில் ஒரு பொருளை உருவாக்கி அழித்தால் அந்த எண் திரும்பி வராது. எண்ணிக்கை மேலே போய்க்கொண்டே இருக்கும். பாட்டியின் எண் 5901 வரை ஏறி நிற்பதற்கு அதுதான் காரணம். பிளக்இன்களைத் திருத்தும் கருவியான எஸ்எஸ்இஎடிட்டில் பிளக்இன் மேல் ரைட் கிளிக் செய்தால் எண்களை இஎஸ்எல்லுக்காக, அதாவது லைட் பிளக்இன்னுக்காக, சுருக்கும் வசதி இருக்கிறது. அதை ஓட்டினேன். பாட்டி 02000802 ஆனார், குவெஸ்ட் 02000803 ஆனது. கோப்பின் தலைப்புப் பதிவில் லைட் கொடியையும் போட்டுச் சேமித்தேன்.

பிளக்இன்னுக்கு இறுதிப் பெயரையும் இப்போதே வைத்துவிட வேண்டும். "டெஸ்ட்2" என்று வைத்துக்கொண்டு வெளியிடும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால், அதற்குள் உருவாக்கிய அத்தனையும் வீண். வீட்டுக்குக் கதவு எண் மாறிய பிறகும் பழைய முகவரிக்கே கடிதம் போய்க்கொண்டிருப்பது போலத்தான்; கடிதத்தில் குறை இருக்காது, சேர வேண்டியவருக்குச் சேராது. என் பிளக்இன்னுக்கு இங்க்ராடேல் என்று பெயர் வைத்தேன்.

முகம்

ஸ்கைரிம் என்.பி.சி.களின், அதாவது நாம் ஆடாத கதாபாத்திரங்களின், முகத்தை விளையாடும் நேரத்தில் செதுக்குவதில்லை. முன்கூட்டியே வடித்து வைத்த கோப்பை எடுத்து உடம்பின் மேல் வைக்கிறது. ஒவ்வொரு என்.பி.சி.க்கும் இரண்டு கோப்பு. தலையின் வடிவம் ஒரு நிஃப் (முப்பரிமாண வடிவக் கோப்பு). அது மெஷஸ் ஃபோல்டருக்குள், ஃபேஸ்ஜென்டேட்டாவின் கீழே, ஃபேஸ்ஜியாம் என்ற ஃபோல்டரில், பிளக்இன்னின் பெயருள்ள உள் ஃபோல்டரில் இருக்கும். தோலின் நிறமும் சுருக்கமும் ஒரு டிடிஎஸ் (படக் கோப்பு). அது டெக்ஸ்சர்ஸ் பக்கத்தில், ஃபேஸ்டின்ட்டுக்குள், அதே மாதிரி பிளக்இன் பெயர் ஃபோல்டரில் இருக்கும். இரண்டுக்கும் பெயர் 00000802. முதல் இரண்டு இலக்கம் எப்போதும் 00தான்; மாஸ்டர் எண் அங்கே வராது. இந்தச் சின்ன விவரத்துக்குப் பின்னால் வேலை இருக்கிறது, மறந்துவிட வேண்டாம்.

உருவாக்குவது சுலபம். கிரியேஷன் கிட்டில் பிளக்இன்னை ஆக்டிவாக வைத்துத் திறந்து, ஆப்ஜெக்ட் சாளரத்தில் பாட்டியைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் எஃப்4. உறுதி கேட்கும், ஆம் என்றால் இரண்டு கோப்பும் வந்துவிடும். வரவில்லை என்றால் பாட்டியின் பதிவில் சார்ஜென் முக மாதிரி என்ற கொடி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கொடி இருந்தால் ஏற்றுமதி நடக்காது. அதை எடுத்துவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டும்.

கிரியேஷன் கிட்டை, மாட்களை நிர்வகிக்கும் மாட் ஆர்கனைசர் 2 என்ற நிரல் வழியாகத்தான் ஓட்டுகிறேன். அதன் மெய்நிகர் கோப்பு முறையில், கருவிகள் எழுதும் புதிய கோப்புகள் விளையாட்டின் டேட்டா ஃபோல்டருக்குப் போகாமல் ஓவர்ரைட் என்ற இடத்தில் சேரும். தேடிக் காணவில்லை என்று திரும்பத் திரும்ப ஏற்றுமதி செய்கிறவர்கள் முதலில் அங்கே பார்க்கவும். வந்ததை உடனே மாடின் சொந்த ஃபோல்டருக்கு நகர்த்திவிடுவது என் பழக்கம். ஓவர்ரைட் எல்லா மாடுக்கும் மேலே நிற்கும். அங்கே ஒரு பழைய கோப்பு தங்கிவிட்டால் புதிய கோப்பை மறைத்துக்கொண்டே இருக்கும்.

இந்த ஏற்றுமதிக்கென்று தனி ப்ரொஃபைல் (எந்தெந்த மாட் இயங்கும் என்ற பட்டியல்) ஒன்றை வைத்திருக்கிறேன். அதில் இந்த மாடைத் தவிர வேறெதுவும் இல்லை. கிரியேஷன் கிட் முகத்தை வடிக்கும்போது அப்போது கண்ணுக்குத் தெரிகிற தலை வடிவங்களையும் தோல் டெக்ஸ்சரையும் வைத்துத்தான் வடிக்கும். என் சொந்த விளையாட்டில் முகங்களை அழகாக்கும் மாட் இருந்தால் அதன் தலை வடிவம் பாட்டியின் நிஃபுக்குள் சுடப்பட்டுவிடும். என் கணினியில் நன்றாகவே தெரியும். அந்த மாட் இல்லாதவரிடம் போகும்போது கழுத்தில் கோடு விழும், நிறம் பிரியும். சுத்தமான ப்ரொஃபைல் இதற்கு ஒரே மருந்து.

வந்த நிஃபை நிஃப்ஸ்கோப்பில் திறந்து ஒரு பார்வை பார்த்தேன். ஸ்பெஷல் எடிஷனுக்கான தலை பிஎஸ்டைனமிக்ட்ரைஷேப் என்ற வகையில் இருக்க வேண்டும். என்ஐட்ரைஷேப் என்று இருந்தால் அது 2011 ஸ்கைரிமின் கருவியிலிருந்து வந்தது. பழைய மாடை ஸ்பெஷல் எடிஷனுக்குக் கொண்டுவருகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அடுத்து தலையின் டெக்ஸ்சர் பட்டியல். அதில் நிறப் பூச்சுக் கோப்பின் முழுப் பாதையும் எழுதப்பட்டிருக்கிறது, பிளக்இன்னின் பெயரும் 00000802 என்ற எண்ணும் உட்பட. அதாவது, எண் மாறினால் நிஃபின் பெயரை மட்டும் மாற்றி ஒப்பேற்ற முடியாது. உள்ளே இருக்கும் பாதை பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு நிஃபாகத் திறந்து கையால் திருத்துவதைவிட, அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுமதி செய்வது வேகம், நம்பகமும் கூட.

சாம்பல் முகம் எப்படி வருகிறது என்று வேண்டுமென்றே வரவழைத்தும் பார்த்தேன். ஏற்றுமதி செய்த பிறகு கிரியேஷன் கிட்டில் பாட்டியின் முடியை மட்டும் வேறொன்றாக மாற்றி, முகத்தைத் திரும்ப ஏற்றுமதி செய்யாமல் விளையாட்டைத் திறந்தேன். பதிவில் ஒரு முடி, நிஃபில் வேறு முடி. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றதும் விளையாட்டு வடித்து வைத்த முகத்தை ஒதுக்கிவிட்டுத் தானாகவே ஒன்றைச் செய்துகொள்கிறது. அதில் நிறப் பூச்சு ஏறுவதில்லை. நிறத்தில்தான் கோளாறு என்று டெக்ஸ்சரைக் குடைகிறவர்கள் பலர். காரணம் பெரும்பாலும் தலையின் பாகங்கள் பொருந்தாமல் போனதுதான். இரண்டு மாட்கள் ஒரே என்.பி.சி.யைத் தொடும்போது வரும் கருமுகத்துக்கும் இதே விளக்கம்: பதிவு ஒரு மாடிலிருந்து, முகக் கோப்பு இன்னொன்றிலிருந்து.

செக் கோப்பு

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. SEQ என்று முடியும், அளவில் மிகச் சிறிய கோப்பு, ஆனால் இது இல்லையென்றால் பாட்டி வாயே திறக்க மாட்டார்.

விளையாட்டு தொடங்கியவுடன் தானாக ஓட வேண்டிய குவெஸ்ட்டுக்குக் கிரியேஷன் கிட்டில் ஒரு கொடி இருக்கிறது: ஸ்டார்ட் கேம் எனேபிள்டு. பாட்டியின் குவெஸ்ட் அந்த வகை. அப்படிப்பட்ட குவெஸ்ட்களின் எண்கள் எல்லாம் செக் என்ற ஃபோல்டரில், பிளக்இன்னின் பெயரிலேயே உள்ள ஒரு செக் கோப்பில் பட்டியலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் குவெஸ்ட் ஓடும், அதன் வசனம் மட்டும் வராது.

இதையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மாட் இல்லாமல் விடுதிக்குள் ஒரு சேவ் எடுத்து வைத்துக்கொண்டேன். அப்புறம் செக் கோப்பு இல்லாமல் மாடை மட்டும் சேர்த்து அந்த சேவைத் திறந்தேன். பாட்டி கணப்பருகே இருந்தார். விளையாட்டின் கட்டளைச் சாளரமான கன்சோலில், குவெஸ்ட்டின் நிலையைக் காட்டும் எஸ்க்யூவி கட்டளையோடு குவெஸ்ட்டின் பெயரைக் கொடுத்தால், ஓடிக்கொண்டிருக்கிறது என்று பதில் வந்தது. பாட்டியிடம் பேசினால் வெறும் முகமன் கூட இல்லை. அதே இடத்தில் சேவ் செய்து, அந்தப் புதிய சேவைத் திறந்ததும் கதை கேட்கும் வரி பளிச்சென்று வந்து நின்றது. மாட் செய்கிறவர்கள் பலருக்கு இந்தக் கோளாறு கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் இதுதான்: சோதிக்கும்போது நாம் சேவ் செய்வதும் திறப்பதுமாகவே இருக்கிறோம், அதனால் நமக்கு எப்போதும் வேலை செய்கிறது. முதல் முறை நிறுவுகிறவருக்குத்தான் பாட்டி ஊமை.

உருவாக்க இரண்டு வழி. கிரியேஷன் கிட்டைக் கட்டளை வரியிலிருந்து, ஜெனரேட்செக் என்ற சுவிட்சோடு பிளக்இன் பெயரைக் கொடுத்து ஓட்டலாம். அல்லது எஸ்எஸ்இஎடிட்டில் பிளக்இன் மேல் ரைட் கிளிக் செய்து, அதர் என்ற பிரிவுக்குள் செக் கோப்பை உருவாக்கும் வரியை அழுத்தலாம். நான் இரண்டாவதையே பயன்படுத்துகிறேன். எண்களைச் சுருக்குவதும் மாஸ்டர்களைத் துடைப்பதும் அங்கேதான் நடக்கிறது என்பதால் எல்லாம் ஒரே உட்காரலில் முடிந்துவிடும்.

உருவான கோப்பின் அளவு 4 பைட். ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் இவ்வளவுதான்: 03 08 00 02. பின்னாலிருந்து முன்னால் படித்தால் 02000803, பாட்டியின் குவெஸ்ட். ஒரு குவெஸ்ட்டுக்கு நான்கு பைட். மூன்று குவெஸ்ட் இருந்தால் 12 பைட். தலைப்பு, முடிவு, சரிபார்ப்பு எதுவும் கிடையாது. அதனால் கோப்பின் அளவை நான்கால் வகுத்தாலே எத்தனை குவெஸ்ட் பதிவாகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். கொடி போட மறந்த குவெஸ்ட்டைப் பிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அந்தக் கடைசி 02தான் கவனிக்க வேண்டிய இடம். முகக் கோப்பின் பெயரில் மாஸ்டர் எண் வராது என்று சொன்னேன் அல்லவா, இங்கே வருகிறது. என் பிளக்இன் அப்டேட் மாஸ்டரிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. கிரியேஷன் கிட்டில் அதைத் திறந்து வைத்திருந்ததால் பட்டியலில் சேர்ந்துகொண்டது. எஸ்எஸ்இஎடிட்டில் தேவையற்ற மாஸ்டர்களைத் துடைக்கும் கட்டளையை ஓட்டினால் அது போய்விடும். போனதும் என் பதிவுகள் 02இலிருந்து 01க்கு இறங்கும். குவெஸ்ட் இப்போது 01000803. செக் கோப்பு மட்டும் 02000803 என்று இல்லாத ஒன்றைச் சுட்டிக்கொண்டிருக்கும். விளையாட்டு இதற்கு எந்த எச்சரிக்கையும் தராது. துடைத்த பிறகு செக்கைத் திரும்ப உருவாக்கினேன். பைட்கள் 03 08 00 01 என்று மாறின.

இன்னொன்று. அதற்குப் பிறகு ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தக் கிரியேஷன் கிட்டைத் திறந்து சேமித்தாலும், திறந்திருந்த மாஸ்டர்கள் திரும்பப் பட்டியலில் சேர்ந்துவிடக்கூடும். ஆகவே கிரியேஷன் கிட்டில் கடைசியாகச் சேமித்ததற்குப் பின்னால்தான் மாஸ்டர் துடைப்பு, அதற்கும் பின்னால்தான் செக். இந்த வரிசையை நான் மாற்றுவதே இல்லை.

குரலும் உதடும்

பாட்டிக்குக் குரல் கொடுத்தவர் எனக்குத் தெரிந்த ஒரு மேடை நடிகை. 16 பிட், 44100 ஹெர்ட்ஸ், மோனோ என்ற அளவில் டபிள்யூஏவி கோப்புகளாகப் பதிவுசெய்தோம். குரல் வராத காலத்தில் வசனங்கள் மின்னி மறைவதைத் தடுக்க ஃபஸ் ரோ டோ என்ற மாடைப் போட்டுக்கொண்டு சோதித்தேன். மௌனமான வசனத்தையும் படிக்கிற அளவுக்குத் திரையில் நிறுத்தி வைக்கும், எழுதும் கட்டத்தில் ரொம்ப உதவி.

குரல் கோப்பு இருக்க வேண்டிய இடம், சவுண்ட் ஃபோல்டருக்குள் வாய்ஸ், அதற்குள் பிளக்இன்னின் பெயர், அதற்குள் குரல் வகையின் பெயர். கோப்பின் பெயர் குவெஸ்ட்டின் பெயர், டாபிக்கின் (வசனங்கள் அடங்கும் உரையாடல் தலைப்பின்) பெயர், வசனத்தின் எட்டு இலக்க எண், கடைசியில் எத்தனையாவது பதில் என்ற எண், இவை கீழ்க்கோடுகளால் இணைந்தது. இங்கும் எண் 00 என்றுதான் தொடங்கும். குவெஸ்ட்டின் பெயரோ டாபிக்கின் பெயரோ நீளமாக இருந்தால் கிரியேஷன் கிட் வெட்டிச் சுருக்கிவிடும். எங்கே வெட்டும் என்று ஊகித்துக் கையால் பெயர் வைப்பது வீண் வேலை. கேரக்டர் மெனுவில் உரையாடலை ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. அது தரும் உரைக் கோப்பில் ஒவ்வொரு வசனத்துக்கும் அதன் குரல் கோப்பின் பெயர் பக்கத்திலேயே இருக்கும். அதை அட்டவணையாக்கி நடிகைக்குக் கொடுத்தேன், பதிவு முடிந்ததும் அதே அட்டவணையை வைத்துப் பெயர்களை மாற்றினேன். எண்களைச் சுருக்கிய பிறகு எடுத்த அட்டவணை என்பதால் பெயர்கள் அப்படியே பொருந்தின.

உதட்டசைவு லிப் என்ற கோப்பு. ஒலியையும் வசனத்தின் எழுத்தையும் ஒப்பிட்டு, எந்த நொடியில் வாய் எப்படி இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு எழுதுவது ஃபேஸ்எஃப்எக்ஸ் என்ற நுட்பம். ஸ்பெஷல் எடிஷனுக்கான கிரியேஷன் கிட் 64 பிட்; இந்த நுட்பத்தின் நிரல் 32 பிட் காலத்தது. இரண்டையும் இணைக்க ஃபேஸ்எஃப்எக்ஸ்ராப்பர் என்ற சிறு நிரலை மாட் உலகத்தார் எழுதி வைத்திருக்கிறார்கள். அதோடு வாய்ஸ் ஃபோல்டருக்குள் ப்ராசஸிங் என்ற இடத்தில் ஃபோனிக்ஸ்டேட்டா என்ற தரவுக் கோப்பும் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் லிப் உருவாகாது.

வசனத்தின் எழுத்தையும் சேர்த்துத்தான் கணக்கிடுகிறது என்பதால், நடிகை பேசும்போது ஒரு சொல்லைக் கூட்டிக் குறைத்திருந்தால் உதடு தடம் மாறிவிடும். பாட்டி பெருமூச்சு விட்டு ஒரு சொல்லை இருமுறை சொல்லும் வரி ஒன்று இருக்கிறது. எழுத்தில் ஒருமுறைதான் இருந்தது. நடிப்பு அத்தனை அழகு. அதனால் எழுத்தைத்தான் பேச்சுக்கு ஏற்ப மாற்றினேன். லிப்பைத் திரும்ப உருவாக்கியதும் வாய் சரியாக ஓடியது.

அடுத்து டபிள்யூஏவியை எக்ஸ்டபிள்யூஎம் என்ற சுருக்கிய ஒலி வடிவமாக மாற்றி, லிப்பையும் அதையும் சேர்த்து ஒரே ஃபஸ் கோப்பாகக் கட்ட வேண்டும். யாகிடோரி ஆடியோ கன்வர்ட்டர் இதை மொத்தமாகச் செய்துவிடும். ஒரே பெயருள்ள லிப்பும் ஒலியும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டியதைச் சோதிக்க விளையாட்டைத் திறக்க வேண்டியதில்லை. ஃபஸ் கோப்பின் முதல் நான்கு பைட் அதன் அடையாள எழுத்துகள், அடுத்த நான்கு பதிப்பு எண், அதற்கடுத்த நான்கு லிப்பின் அளவு. பிறகு லிப், அதன் பின்னால் ஒலி. ஒன்பதாவது பைட்டிலிருந்து நான்கும் சுழியாக இருந்தால் லிப் உள்ளே ஏறவில்லை என்று அர்த்தம்; குரல் கேட்கும், வாய் அசையாது. எல்லா ஃபஸ் கோப்பின் அந்த நான்கு பைட்டையும் படித்துச் சுழி உள்ளவற்றின் பெயரை அச்சிடும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வசனத்தையும் பாட்டியிடம் போய்க் கேட்டுச் சரிபார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

விளையாட்டின் நிரல் மொழியான பாப்பிரஸில் எழுதும் ஸ்கிரிப்ட்கள் பற்றி அதிகம் சொல்ல இல்லை. விளையாட்டோடு வரும் மூல ஸ்கிரிப்ட்கள் ஸ்கிரிப்ட்ஸ் என்ற ஜிப்பில் இருக்கும். அதை விரிக்காமல் எதுவும் கம்பைல் ஆகாது. ஸ்பெஷல் எடிஷனில் மூலக் கோப்புகளின் இடம் சோர்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்கிரிப்ட்ஸ். பழைய ஸ்கைரிமில் இது தலைகீழ். வசனத்தோடு ஒட்டிய ஸ்கிரிப்ட்டின் பெயரில் பழைய எண் இருக்கும், ஆனால் அது பதிவுக்குள் வெறும் பெயராகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. எண்ணைச் சுருக்கினாலும் அது அறுபடாது. ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே பிளக்இன் பெயரையும் எண்ணையும் கொடுத்து ஒரு பதிவைத் தேடும் வரி இருந்தால் மட்டும் அதைத் திருத்திக் கம்பைல் செய்ய வேண்டும்.

எதை மாற்றினால் எது கெடும்

இந்த மாடை இன்னும் வளர்க்கும் எண்ணம் இருப்பதால் இதைத் தனியாக எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பிளக்இன்னின் பெயர் மாறினால் முகம், செக், குரல், இவற்றைக் கட்டி வைக்கும் ஆவணம் (கீழே வருகிறது) எல்லாமே போச்சு. ஃபார்ம் ஐடிகள் மாறினால் முகமும் செக்கும் குரலும் போகும், ஸ்கிரிப்ட் தப்பிக்கும். மாஸ்டர் பட்டியல் மாறினால் செக் மட்டும் போகும். பாட்டியின் முகத்திலோ முடியிலோ கை வைத்தால் முகக் கோப்புகள் இரண்டையும் திரும்ப எடுக்க வேண்டும். வசனத்தின் எழுத்து மாறினால் ஒலியும் லிப்பும் புதிதாக வேண்டும், பெயர் மாறாது. குவெஸ்ட்டின் பெயரோ டாபிக்கின் பெயரோ மாறினால் ஒலி அப்படியே இருக்கும், கோப்புப் பெயர் மாறும். புதிதாக ஒரு தொடக்கக் குவெஸ்ட் சேர்த்தால் செக்.

எண்களைச் சுருக்கும் வேலையை வெளியிடுவதற்கு முன்னால் ஒரே முறைதான் செய்ய வேண்டும். வெளியிட்ட பிறகு செய்தால் கோப்புகளைத் திரும்ப உருவாக்கிவிடலாம். ஆனால் மற்றவர்களின் சேவ்களுக்குள் இருக்கும் பழைய எண்ணுக்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. அவர்கள் பாதி கேட்ட கதை அங்கேயே அறுந்துபோகும்.

கட்டி முடிப்பது

எல்லாம் தனித்தனிக் கோப்பாகவே இருந்தாலும் விளையாட்டு படித்துக்கொள்ளும். பிஎஸ்ஏ ஆவணமாகக் கட்டினால் நிறுவுவதும் நீக்குவதும் சுத்தமாக இருக்கும். எக்ஸ்எடிட்டோடு (எஸ்எஸ்இஎடிட்டின் பொதுப் பெயர்) வரும் பிஎஸ்ஆர்ச் கருவியை, ஸ்பெஷல் எடிஷன் வடிவத்துக்கான சுவிட்சோடு ஓட்டினேன். பிளக்இன் பெயரிலேயே ஒரு ஆவணம், டெக்ஸ்சர்களுக்கு அதே பெயரோடு டெக்ஸ்சர்ஸ் என்று சேர்த்து இன்னொன்று. குரல் இருக்கும் ஆவணத்தைச் சுருக்கக் கூடாது. சுருக்கிய ஆவணத்திலிருந்து ஸ்கைரிம் குரலை ஒலிக்காது. டெக்ஸ்சர் ஆவணத்தைத் தாராளமாகச் சுருக்கலாம்.

கட்டியதும் தனிக் கோப்புகளை மாட் ஃபோல்டரிலிருந்து வேறிடத்துக்கு நகர்த்தினேன். தனிக் கோப்பு எப்போதும் ஆவணத்தை வெல்லும் என்பதால், அவை அங்கேயே இருந்தால் நான் சோதிப்பது ஆவணத்தை அல்ல. செக் கோப்பை மட்டும் ஆவணத்துக்குள் வைக்காமல் வெளியே விட்டேன். நான்கு பைட்டுக்கு ஆவணம் எதற்கு, தவிர யாராவது தங்கள் வசதிக்கு மாஸ்டரைச் சேர்த்து ஒட்டு (பேட்ச்) போட்டால் அவர்களே திரும்ப உருவாக்கிக்கொள்ளவும் எளிது.

கடைசிச் சோதனை அந்த மாட் இல்லாத பழைய சேவிலிருந்து. விடுதிக்குள் நுழைந்ததும் பாட்டியின் முகமும் கையும் ஒரே நிறத்தில் இருந்தன. பேச்சுக் கொடுத்ததும் குவெஸ்ட் வரி முதல் தடவையிலேயே வந்தது. பெருமூச்சு வரியில் உதடு குரலோடு ஓடியது. ஜிப்பில் இஎஸ்பி, இரண்டு ஆவணங்கள், செக் ஃபோல்டர், ஸ்கிரிப்ட்களின் மூலக் கோப்புகள் ஆகியவற்றை வைத்தேன். டபிள்யூஏவி பதிவுகளும் லிப்களும் என்னிடம். அடுத்த கதையை எழுதும்போது அவை வேண்டியிருக்கும்.